மூன்று கால்களும் ஒரு ஜோடிக் கையுறையும்

முதல் நாள்: ஹீஷம் துறைமுகம், டக்ளஸ்

ஹீஷமிலிருந்து கப்பல் கிளம்பியபோது மழை. ஐரிஷ் கடல் இன்றைக்கு நல்ல மனநிலையில் இல்லை. மான் தீவின் தலைநகர் டக்ளஸ் போய்ச் சேர நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சை மிட்டாய் சப்பியபடி உட்கார்ந்திருந்தேன். கரையேறியதும் முதலில் தேநீர், அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

யாரைத் தேடி இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். நைஜல் நீல். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பெரியவர்களுக்கான அறிவியல் புனைகதைக்கு வழி போட்டவர். 1953இல் பேராசிரியர் குவாட்டர்மாஸ் என்ற பாத்திரத்தைப் படைத்தார். ‘டாக்டர் ஹூ’ வந்தது அதற்குப் பத்து ஆண்டு கழித்து. அந்தத் தொடருக்கு எழுதக் கேட்டபோது நீல் மறுத்துவிட்டார். குழந்தைகளைப் பயமுறுத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்களைப் பயமுறுத்துவதுதான் அவர் வேலை.

லீட்ஸில் மருத்துவமனை மருந்தகத்தில் இரவுப்பணி பார்த்த காலத்தில், நூலகத்தில் எடுத்த டிவிடி ஒன்றில்தான் அவரைக் கண்டுகொண்டேன். ‘தி ஸ்டோன் டேப்’. 1972 கிறிஸ்துமஸ் இரவில் பிபிசி 2 ஒளிபரப்பியது. புதிய ஒலிப்பதிவு ஊடகம் ஒன்றைத் தேடும் பொறியாளர்கள் ஒரு பழைய மாளிகைக்குக் குடிவருகிறார்கள். அங்கே ஓர் அறையில் பெண்ணொருத்தியின் அலறல் கேட்கிறது. பேய் என்று யாரும் ஓடுவதில்லை. கல் சுவரே ஒரு ஒலிநாடாவாக இருந்து, அங்கே நடந்த சாவைப் பதிந்து வைத்திருக்கிறது என்று கருவிகளைப் பொருத்தி அளக்கிறார்கள். அளக்க அளக்கப் பயம் கூடுகிறது. அன்று காலை பணி முடிந்து வீட்டுக்கு வந்தவள், மாடிப்படி விளக்கைப் போட்டுவிட்டுத்தான் ஏறினேன். இப்படி எழுதத் தெரிந்தவர் எங்கிருந்து வந்தார் என்று அன்றைக்கு எழுந்த கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அவர் பிறந்தது இங்கிலாந்தின் பாரோ-இன்-ஃபர்னஸில், 1922இல். குடும்பத்தின் சொந்த மண் இந்தத் தீவுதான். ஆறு வயதில் திரும்பி வந்துவிட்டார்கள். அப்பா உள்ளூர்ப் பத்திரிகை நடத்தினார். மகன் சட்டம் படித்து ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார், சலித்துப்போனது. போர் வந்தபோது ராணுவம் எடுத்துக்கொள்ளவில்லை, அவர் கண்கள் வெளிச்சம் தாங்காது. வெயில் கூசும் பையன், மழையும் மூடுபனியுமாக ஒரு தீவு. இரவு ஒன்பதாகியும் விரிகுடாவில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. ஜன்னல் திரையை இழுத்து விட்டுத் தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள்: கிரீபா மலையடி, தேவதைப் பாலம்

காலையில் கடைத்தெருவில் நடந்தபோது பெயர்ப்பலகைகளையே பார்த்துக்கொண்டு போனேன். குவேல், குவில்லியம், குவால்ட்ராஃப். இந்தத் தீவின் பழைய குடும்பப் பெயர்களில் பல ஆங்கிலத்தின் ‘க்யூ’ எழுத்தில் தொடங்குபவை. ‘இன்னாரின் மகன்’ என்பதைக் குறிக்கும் ‘மாக்’ தேய்ந்து தேய்ந்து அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டதால் வந்தது. நீல் தன் பேராசிரியருக்குப் பெயர் தேடி லண்டன் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டியபோது ‘குவாட்டர்மாஸ்’ என்ற பெயரில் கண் நின்றது. அந்த எழுத்து அவருக்கு ஊர் வாசனை அடித்திருக்கிறது. முதற்பெயர் பெர்னார்ட், ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கியை உருவாக்கிய பெர்னார்ட் லவலின் நினைவாக வைத்தது. ஒரு கால் தீவில், ஒரு கால் விண்வெளியில்.

பீல் போகும் பஸ்ஸில் ஏறி, கிராஸ்பி தாண்டி இறங்கினேன். சாலையோரப் புல்வெளியில் கூரையில்லாத ஒரு தேவாலயம், செயின்ட் டிரினியன்ஸ். பின்னால் கிரீபா மலை. இதற்குக் கூரை ஏன் இல்லை என்பதற்குத் தீவில் ஒரு கதை இருக்கிறது. மலையில் வாழும் ‘பக்கேன்’ என்ற பூதத்துக்குக் கோயில் மணியோசை ஆகாது. கூரை போடும்போதெல்லாம் வந்து பிய்த்தெறியும். கடைசியில் ஒரு தையல்காரன், புதுக்கூரைக்கு அடியில் உட்கார்ந்து பூதம் வருவதற்குள் ஒரு கால்சட்டை தைத்து முடிப்பேன் என்று பந்தயம் கட்டினான். தரையைப் பிளந்துகொண்டு தலை மேலே வருகிறது. “என் தலை எவ்வளவு பெரிசு பார்த்தாயா?” என்கிறது. “பார்க்கிறேன், பார்க்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே அவன் தைக்கிறான். கண், பல், கை என்று ஒவ்வொன்றாக வெளியே வரவர, தையலும் நகர்கிறது. கடைசித் தையலைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்தான். கூரை சரிந்தது.

புல் ஈரமாக இருந்தது. சுவரின் கல்லில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மண்ணிலிருந்து மேலே வரும் தலை. எதிரே கைவேலையை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன். நீலின் நாடகங்கள் முக்கால்வாசி இந்தக் கதையின் சாயலில்தான் இருக்கின்றன என்று அங்கே நின்றபோது தோன்றியது. அவர் தையல்காரனுக்கு விஞ்ஞானியின் கோட்டைப் போட்டுவிட்டார், ஊசிக்குப் பதில் அளவுகருவி கொடுத்தார். பூதத்தை மட்டும் மாற்றவில்லை. அது வானத்திலிருந்து வந்தாலும் கடைசியில் நம் காலடி மண்ணில்தான் கிடைக்கிறது.

மதியம் காசில்டவுன் பஸ். வழியில் தேவதைப் பாலம். அதைக் கடக்கும்போது ‘சின்னவர்களுக்கு’ வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஆகாது என்பது ஊர் வழக்கம். பக்கத்து இருக்கைப் பாட்டி பேச்சை நிறுத்தி, உதட்டுக்குள் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். நானும் சொன்னேன்.

ரொனால்ட்ஸ்வே விமான நிலையத்து வாசலில் ‘மூன்று கால்கள்’ சிற்பம் நிற்கிறது. நீலின் தம்பி பிரையன் செய்தது. முழங்கால் மடங்கி, தொடையில் ஒன்றாகச் சேர்ந்து சுழலும் மூன்று கால்கள் இந்தத் தீவின் சின்னம். எப்படித் தூக்கிப் போட்டாலும் நிற்கும் என்பது அதன் வாசகம். கொடியில், காசில், எங்கும் அதுதான். கைக்காசைத் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. மூன்றாவது குவாட்டர்மாஸ் தொடரில் மண்ணுக்கடியில் கிடைக்கும் செவ்வாய்க் கிரகப் பூச்சிகளுக்கும் மூன்று கால்கள்! நீல் இதைத் தெரிந்து செய்தாரோ என்னவோ, ஆனால் பிள்ளைப்பருவம் முழுக்கக் கண்ணில் பட்ட உருவம் அவ்வளவு சுலபத்தில் போகாது. அந்தத் தொடர்களின் வசனநூல்கள் பெங்குவின் வெளியீடாக வந்தபோது அட்டைப்படம் வரைந்தவரும் இதே தம்பிதான்.

மாலை கடலோரம். 1968இல் நீல் எழுதிய ஒரு நாடகம் நினைவுக்கு வந்தது. எதிர்கால அரசு ஒன்று மக்களை அடக்கி வைக்கத் தொலைக்காட்சியை மட்டுமே பயன்படுத்துகிறது. பார்ப்பவர்கள் சலித்துப்போகவே, ஒரு குடும்பத்தை ஆளில்லாத தீவில் விட்டு, இரவு பகலாகக் காமிரா வைத்துக் காட்டுகிறார்கள். அவர்களுக்கே தெரியாமல் ஒரு கொலைகாரனையும் அங்கே விடுகிறார்கள். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். இன்றைக்கு வீடுவீடாக ஓடும் நிகழ்ச்சிகளை, அவை வருவதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே ஒருவர் எழுதிவிட்டார். வண்ணத்தில் எடுத்த அந்த நாடகம் கறுப்பு வெள்ளைப் பிரதியாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

மூன்றாம் நாள்: அலெக்சாண்ட்ரா பேலஸ், லண்டன்

அண்ணன் வீட்டில் தங்கல். பத்தாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகன், “நானும் வர்றேன் அத்தை” என்று கிளம்பிவிட்டான். வுட் கிரீனில் பஸ் பிடித்து மேட்டுக்கு ஏறினோம்.

குன்றின் உச்சியில் விக்டோரியா காலத்து மாளிகை, அதன் ஒரு மூலையில் இரும்பு ஒளிபரப்புக் கோபுரம். 1936 நவம்பர் 2 அன்று பிபிசி தன் தொலைக்காட்சி ஒளிபரப்பை இங்கிருந்துதான் தொடங்கியது. ஏ, பி என்று இரண்டே ஸ்டூடியோக்கள். ஒவ்வொன்றும் சுமார் 70 அடி நீளம், 30 அடி அகலம், கிராமத்துக் கல்யாண மண்டபம் அளவுகூட இல்லை. உள்ளே போக முடியவில்லை. வெளியே நின்று அந்தச் சுவரையும் ஜன்னல்களையும் பார்த்தோம்.

நீல் 1946இல் லண்டன் வந்தார். நடிப்புப் பள்ளியில் படித்தார், சின்னச் சின்ன வேடங்கள் போட்டார், சிறுகதைத் தொகுப்புக்கு 1950இல் சாமர்செட் மாம் விருது வாங்கினார். அடுத்த ஆண்டு பிபிசியில் எழுத்தாளர் வேலை. எந்த நாடகம் வந்தாலும் தட்டிக்கொட்டிச் சரிசெய்து கொடுக்க வேண்டும். 1953 கோடையில் சனிக்கிழமை இரவு அட்டவணையில் ஓர் ஓட்டை விழுந்தது. ஆறு வாரத்துக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். அப்படித்தான் ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ பிறந்தது.

மூன்று பேர் ராக்கெட்டில் விண்வெளிக்குப் போகிறார்கள். ராக்கெட் வழி தவறி விம்பிள்டனில் ஒரு வீட்டின் மேல் வந்து விழுகிறது. கதவைத் திறந்தால் உள்ளே ஒருவர்தான். மற்ற இருவரின் உடைகள் மட்டும் காலியாகக் கிடக்கின்றன. கதவோ நடுவில் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. மிஞ்சியவர் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறுகிறார்.

இதையெல்லாம் நேரலையில் செய்தார்கள். 1953 ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 22 வரை, இந்தக் குறுகலான ஸ்டூடியோவில், பிபிசியிடம் இருந்தவற்றிலேயே பழைய காமிராக்களை வைத்துக்கொண்டு. ஆறு பகுதிக்கும் சேர்த்து மொத்தச் செலவு 4,000 பவுண்டைத் தாண்டவில்லை. ஒரு காட்சி முடிந்ததும் நடிகர் சத்தமில்லாமல் ஓடி அடுத்த செட்டில் நிற்க வேண்டும். வசனம் மறந்தால் நாடு முழுக்கத் தெரியும். கடைசிப் பகுதிகளை நீல் எழுதி முடிப்பதற்குள் முதல் பகுதி ஒளிபரப்பாகிவிட்டது.

“அப்போ ரெக்கார்டிங்?” என்றான் பையன். தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஃபிலிம் காமிராவை வைத்து, திரையில் ஓடுவதை அப்படியே படமெடுப்பார்கள். முதல் இரண்டு பகுதிகளை அப்படி எடுத்தார்கள். படம் தெளிவாக வரவில்லை என்று அதோடு நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த நாலு பகுதிகளும் காற்றோடு போயின. அவன் கோபுரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். “அப்போ அது இங்கேர்ந்து கிளம்பி இன்னும் போய்ட்டிருக்கும்ல அத்தை?” என்றான். அலைகள்தானே, போய்க்கொண்டிருக்கும்தான் என்றேன்.

நான்காம் நாள்: வெஸ்ட்மின்ஸ்டர் அபே

டிக்கெட் விலை அதிகம்தான். ஆனால் அந்தத் தொடரின் கடைசியான ஆறாம் பகுதியில் கதை நடக்கும் இடம் இது, பார்க்காமல் விட மனசில்லை.

1953 ஜூன் 2 அன்று இந்த அபேயில் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டு விழா. அதைப் பார்ப்பதற்கென்றே ஊரெங்கும் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார்கள். சுமார் இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள். பன்னிரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதே மக்கள், அதே பெட்டியில், அதே அபேயில் ஒரு மிருகம் சுவரைப் பற்றிக்கொண்டு வளர்வதைப் பார்க்கிறார்கள். அதுவும் எப்படித் தெரியவருகிறது? கதைக்குள் ஒரு தொலைக்காட்சிக் குழு அபேயிலிருந்து நேரலை நிகழ்ச்சி செய்துகொண்டிருக்கிறது, அவர்களின் காமிராவில் அது சிக்குகிறது. எவ்வளவு துணிச்சல்! நாடு கும்பிட்டுப் பார்த்த இடத்திலேயே போய் அதை உட்கார வைத்தார்.

மிருகத்தை உருவாக்கத் தனித்துறை எதுவும் அப்போது பிபிசியில் இல்லை. நீல் தானே செய்தார். அபேயின் உட்புறப் படம் ஒன்றைப் பெரிதாக்கி, அதில் ஓட்டை போட்டு, தோல் துண்டுகளும் செடிகொடியும் ஒட்டிய கையுறைகளை மாட்டிக்கொண்டு கைகளை உள்ளே விட்டு அசைத்தார். அவ்வளவுதான். நேரலையில், எழுத்தாளரின் சொந்தக் கை. அதைச் செய்ய உடன் உட்கார்ந்தவர் ஜூடித் கெர். பிபிசி உணவகத்தில் பழக்கமானவர், அடுத்த ஆண்டு திருமணம் செய்துகொண்டார்கள்.

தூண்களுக்கு நடுவே நின்று அண்ணன் மகன் மேலே பார்த்தான். “கையுறையை வச்சு எப்படி நம்ப வச்சாங்க?” கேள்வி நியாயமானது. நான் சொன்னேன்: அதற்கு முன் ஐந்து வாரம் அந்த மனிதனைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். கை காட்டினால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். முடிவும் குண்டு போட்டு வருவதில்லை. குவாட்டர்மாஸ் அந்த மிருகத்தின் முன்னால் தனியாக நின்று பேசுகிறார். உள்ளே கரைந்துபோன மூன்று மனிதர்களையும் கூப்பிடுகிறார், எதிர்த்து நில்லுங்கள் என்கிறார். அவர்கள் நிற்கிறார்கள், மிருகம் சாகிறது. ஓர் அறிவியல் கதையை மனிதர்களின் ஞாபகத்தை நம்பி முடித்தார் பாருங்கள், எனக்கு அவர் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடரை இயக்கிய ருடால்ஃப் கார்ட்டியர் வியன்னாவில் பிறந்த யூதர், நாஜிகளுக்குத் தப்பி வந்தவர். ஜூடித் கெர் பெர்லினில் பிறந்தவர். அப்பா நாஜிகளை எதிர்த்து எழுதிய விமர்சகர், 1933இல் குடும்பமே தப்பியோடியது. நீல் தீவுக்காரர். மூன்று பேரும் இந்த நாட்டை வாசலில் நின்று பார்த்தவர்கள். ஓர் இடம் ராத்திரியோடு ராத்திரியாக வேறொன்றாக மாறிவிடும் என்று இவர்களில் இரண்டு பேருக்கு அனுபவத்திலேயே தெரியும்.

ஐந்தாம் நாள்: லைம் குரோவ், நைட்ஸ்பிரிட்ஜ், ஹாமர்ஸ்மித் பாலம், பார்ன்ஸ்

இன்று தனியாகத்தான். அவனுக்குப் பள்ளிக்கூடம்.

லைம் குரோவ் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது குடியிருப்புகள். ஆர்வெல்லின் ‘1984’ நாவலை நீல் நாடகமாக்கி, கார்ட்டியர் இயக்கி, 1954 டிசம்பர் 12 அன்று இங்கிருந்து ஒளிபரப்பானது. பீட்டர் குஷிங் நாயகன். சித்திரவதைக் காட்சிகளைக் கண்டித்து நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவரும் அளவுக்குக் கொதிப்பு. நாலு நாளில் எல்லோரும் மறுபடி வந்து முழு நாடகத்தையும் இன்னொரு தடவை நேரலையில் நடித்தார்கள். அப்போது அதைப் பார்த்தவர்கள் சுமார் 70 லட்சம் பேர். இன்று நம்மிடம் இருப்பது அந்த இரண்டாவது தடவைதான். தெருவில் ஒரு பூனை மட்டும் என்னைப் பார்த்தது. நடந்தேன்.

நைட்ஸ்பிரிட்ஜில் ஹாப்ஸ் லேன் என்றொரு தெரு கிடையாது. ‘குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்’ என்ற அந்த மூன்றாவது தொடருக்காக நீல் கற்பனை செய்தது. ஆனாலும் கடைகளுக்கு நடுவில் பலகை மறைப்புக்குப் பின்னால் கட்டட வேலை நடந்துகொண்டிருந்த ஓர் இடத்தில், துளைக்கும் இயந்திரச் சத்தம் கேட்டு நின்றுவிட்டேன். கதை அப்படித்தான் தொடங்குகிறது. கட்டட வேலைக்குக் குழி தோண்டுகிறார்கள், மண்டையோடு கிடைக்கிறது. இன்னும் தோண்டினால் உலோகம். போர்க்காலத்தில் விழுந்து வெடிக்காத குண்டு என்று ராணுவம் நினைக்கிறது. அது ஐம்பது லட்சம் ஆண்டுக்கு முன் வந்திறங்கிய விண்கலம். தெருவின் பழைய பெயரில் இருக்கும் ‘ஹாப்’ என்பது சாத்தானுக்கான பழம்பெயர்களில் ஒன்று. நூற்றாண்டு நூற்றாண்டாக அந்த இடத்தில் மண்ணைக் கிளறும்போதெல்லாம் மக்கள் பேயைக் கண்டிருக்கிறார்கள்.

எனக்கு அதில் மறக்க முடியாதது ஒரு சின்ன இடம். பக்கத்திலுள்ள பாழடைந்த வீட்டை ஒரு போலீஸ்காரர் குவாட்டர்மாஸுக்குச் சுற்றிக்காட்டுகிறார். சுவரில் கீறல்கள். பிள்ளைகள் கிறுக்கியிருப்பார்கள் என்று அவர் சமாளித்துக்கொண்டே இருக்கிறார், நெற்றியிலோ வியர்வை வழிகிறது. ஒரு மிருகமும் கிடையாது, சத்தமும் கிடையாது. வளர்ந்த ஒரு மனிதரின் வியர்வை மட்டும்தான்.

1958 டிசம்பரிலிருந்து 1959 ஜனவரி வரை அது ஓடியது. 1958 கோடையின் முடிவில்தான் நாட்டிங் ஹில்லில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களை வெள்ளையர் கும்பல்கள் வீடு தேடிப்போய்த் தாக்கின. நடந்தே போகக்கூடிய தூரம். நீலின் கதையில் அந்தப் பூச்சிகள் ஆதி மனிதக் குரங்குகளின் மூளையை மாற்றி, தங்கள் இனத்தில் வேறுபட்டவர்களைக் கொன்று களையும் வெறியையும் உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கின்றன. கடைசிப் பகுதியில் அது விழித்துக்கொள்ள, சாதாரண லண்டன்வாசிகள் தெருவில் இறங்கித் தங்களைப்போல் இல்லாதவர்களைத் தேடிக் கொல்கிறார்கள். குவாட்டர்மாஸே ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்கிறார். வேற்றுக்கிரகவாசி எங்கே என்று தேடவேண்டாம், நாம்தான் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன கதை. ஒரு கோடிப் பேருக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்தார்கள்.

ஹாமர்ஸ்மித்தில் தேம்ஸ் கரையோரம் ரிவர்சைட் ஸ்டூடியோ. அந்தத் தொடர் இங்கிருந்துதான் நேரலையில் போனது. இந்த முறை ஆறு பகுதியும் பத்திரமாக இருக்கின்றன. ஒரு காப்பி குடித்துவிட்டு ஹாமர்ஸ்மித் பாலத்தில் ஏறினேன். இப்போது அதில் கார் பஸ் விடுவதில்லை, நடக்க நிம்மதி. அக்கரையில் பார்ன்ஸ். 1962இல் நீலும் ஜூடித்தும் இங்கே குடிவந்தார்கள், கடைசிவரை இங்கேயேதான்.

வீட்டைத் தேடிப் போகவில்லை, வேறு யாரோ வாழும் இடம். குளக்கரையில் வாத்துகளைப் பார்த்து உட்கார்ந்தேன். ‘தேநீருக்கு வந்த புலி’ என்ற குழந்தைகள் புத்தகத்தை ஜூடித் கெர் 1968இல் வெளியிட்டார். புலி வந்து சாப்பாட்டையெல்லாம் தின்று தீர்க்கும் அந்தச் சமையலறை, பார்ன்ஸ் வீட்டின் சமையலறையைப் பார்த்து வரைந்தது. ஒரே வீட்டில் ஓர் அறையில் அவர் புலி வரைகிறார், இன்னோர் அறையில் இவர் கல்லுக்குள் அலறலை எழுதுகிறார். கதவைத் தட்டி உள்ளே வருவது என்ன என்பதுதான் இரண்டு பேருக்கும் கேள்வி. 1979இல் ஐடிவிக்காகக் கடைசி குவாட்டர்மாஸை எழுதினார். அதில் பேராசிரியர் கிழவராகிவிட்டார், காணாமல் போன பேத்தியைத் தேடி அலைகிறார். எனக்கு முழுசாகப் பிடித்த தொடர் என்று சொல்லமாட்டேன். இளைஞர்கள்மேல் அதில் பரிவைவிடக் கோபம் அதிகம். ஆனால் அந்தக் கிழவரின் தேடல் மனசைப் பிசையும். நீல் 2006 அக்டோபர் 29 அன்று காலமானார், வயது 84. ஜூடித் 2019 வரை இருந்தார்.

ஆறாம் நாள்: அண்ணன் வீடு

நாளைக்கு லீட்ஸ் ரயில். எங்கேயும் போகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணி இடியாப்பம் செய்திருந்தார். சாப்பிட்டுவிட்டு, 1953இன் அந்த மிஞ்சிய இரண்டு பகுதிகளைப் போட்டேன். அண்ணன் பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். பையன் தரையில் சம்மணம் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

படம் மங்கல்தான், முகங்கள் சில இடத்தில் புகைபோலத் தெரிகின்றன. ஆனால் ராக்கெட் விழுந்த வீட்டுப் பாட்டியம்மா தன் பூனையைப் பற்றியே கவலைப்படும் இடத்தில் அவன் சிரித்தான். காலி உடைகளைக் கண்டபோது சிரிப்பு நின்றது.

இரண்டாம் பகுதி. நடுவில் சட்டென்று எழுந்து திரையருகே போய்க் கையை வீசினான்.

“பூச்சி உக்காந்திருக்கு அத்தை.”

“அது நம்ம வீட்டுப் பூச்சி இல்லடா.”

புரியாமல் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு, 1953 ஜூலையில், அவர்கள் படமெடுத்துக்கொண்டிருந்த திரைமேல் வந்து உட்கார்ந்த பூச்சி அது என்று சொன்னேன். யாரும் விரட்டவில்லை, நேரலை ஆயிற்றே. நடிகர்களின் முகத்துக்கு மேலேயே சில நிமிடம் இருக்கிறது.

கதையை விட்டுவிட்டான். விரலைத் திரையில் வைத்து, அது நகர்ந்த பக்கமெல்லாம் நகர்த்திக்கொண்டே போனான்.